ஐயா செக்கை வங்கியில போடுறார் இல்லை: அஞ்சு மாத வாடகை அந்தரத்தில நிக்குது

கொப்பிக்கடை · ஜூன் 12, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில கரடிப்போக்குப் பக்கம் ஒரு சின்னக் கடை வாடகைக்கு எடுத்து போட்டோக்கொப்பி, பிறின்ட், லமினேற்றிங் செய்யிறன். பின்பக்க அறையில நானும் தங்கச்சியும் இருக்கிறம். வாடகை மாதம் 22,000. கட்டடக்காரர் கனடாவில. இஞ்ச அவற்ற மாமாதான் பொறுப்பு. 78 வயசு, வட்டக்கச்சியில இருக்கிறார். நாங்கள் ஐயா எண்டுதான் கூப்பிடுறது.

ஒவ்வொரு மாதமும் 1 ஆம் திகதி கனடாக்காரற்ற பேருக்குக் கோடு கீறின செக் எழுதி ஐயாவின்ர கையில குடுப்பன். முந்தி ஒரு கிழமைக்குள்ள கணக்கில கழிஞ்சிடும். ஜனவரிச் செக் கழிஞ்சது. பெப்ரவரியில இருந்து ஒண்டும் போடேல்லை. அஞ்சு செக், 110,000 ரூபா. கேட்டால் "போடுவம் பிள்ளை, போடுவம்" எண்டுறார்.

இப்ப என்ர கணக்கில 128,000 கிடக்கு. மெசினின்ர டிறம் பழுதாப் போட்டுது, எல்லாப் பேப்பரிலயும் கறுப்புக்கோடு விழுது. சோதினைக் காலம், வாற பிள்ளையளும் ரீச்சர்மாரும் திரும்பிப் போகினம். புது டிறம் 45,000. அந்தக் காசை எடுக்கலாமோ?

ரண்டாவது, போன கிழமை கனடாவில இருந்து கோல் வந்தது. "அஞ்சு மாசமா வாடகை வரேல்லையே, கடையை விடுற யோசனையோ? பிந்தினதுக்கு மாதம் 2,000 சேத்துத்தான் தரோணும்" எண்டு கேட்டார். எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. என்னட்ட ரசீது ஒண்டும் இல்லை. செக் புத்தகத்தின்ர அடிக்கட்டை மட்டும்தான்.

பாலைப்பழம் · ஜூன் 12, இரவு 10.05

அவர் போடாட்டி அது அவற்ற பிழை. காசு உங்கட கணக்கில, மெசின் உங்கட மெசின். டிறம்மை வாங்குங்கோ அக்கா. போடேக்க பாப்பம்.

குளக்கட்டு · ஜூன் 12, இரவு 10.31

தம்பி பாலைப்பழம், உப்பிடிச் சொல்லி ஆக்களைக் கூண்டில ஏத்தாதையும்.

நான் வவுனியாவில, குருமன்காட்டில வாடகைக்கு இருந்தனான். வீட்டுக்காரர் நாலு மாதச் செக்கை அலுமாரிக்குள்ள வைச்சிருந்தார். நானும் உம்மை மாதிரித்தான் யோசிச்சன், மோட்டச்சைக்கிளுக்கு எஞ்சின் வேலை செய்தன். மனுசன் ஒருநாள் காலமை நாலையும் ஒண்டாக் கொண்டுபோய்ப் போட்டார். சம்பளம் விழ இன்னும் மூண்டு நாள். ரண்டு கழிஞ்சது, ரண்டு திரும்பிச்சு. திரும்பினதுக்கு வங்கி வெட்டினது ஒரு பக்கம். வீட்டுக்காரர் ஒழுங்கை முழுக்கச் சொன்னதுதான் பெரிசு: "செக் குடுத்து ஏமாத்திற ஆள்." அவர் நாலு மாசம் பிந்தினதை ஒருத்தரும் கதைக்கேல்லை. நான் மூண்டு நாள் பிந்தினதுதான் கதை.

ஓய்வுபெற்ற காசாளர் · ஜூன் 13, காலை 6.15

பிள்ளை கொப்பிக்கடை, நான் வங்கியில 31 வருசம் இருந்தவன். கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளும்.

செக் குடுக்கிறது காசு குடுத்த மாதிரித்தான், ஆனா ஒரு நிபந்தனையோட. அது கழிஞ்சால் நீர் குடுத்த நாளிலயே வாடகை கட்டினதாக் கணக்கு. கழியாமல் திரும்பினால் கடன் திரும்ப எழும்பி நிக்கும். அவர் அதைப் போடாமல் வைச்சிருக்கிற காலம் முழுக்க நீர் பாக்கிக்காரர் இல்லை, கணக்கில காசு இருந்தால். அந்தக் கடைசிச் சொல்லுத்தான் உம்மட முழுக் கடமையும்.

ஆகவே 128,000 இல 110,000 உம்மடது இல்லை. சீட்டுப் பிடிக்கிற தாச்சியிட்ட மற்றாக்களின்ர காசு கிடக்கிற மாதிரி அது உம்மட்டக் கிடக்கு. உமக்குச் சொந்தமா இருக்கிறது 18,000. அதில டிறம் வராது. ஜூலை 1 ஆம் திகதி இன்னொரு 22,000 பிரியும். அதையும் இப்பவே நினைச்சுக்கொள்ளும்.

அடுத்தது ஆறு மாதக் கணக்கு. எங்கட நாட்டில செக்கில எழுதின திகதியில இருந்து ஆறு மாதம் தாண்டினால் வங்கி அதை ஏற்காது, காலம் கடந்தது எண்டு எழுதித் திருப்பும். உம்மட பெப்ரவரிச் செக் ஓகஸ்ட் தொடக்கத்தோட செத்துப்போகும். கன பேர் இதில ஒரு பிழையான சந்தோசம் படுறவை: "செக் காலாவதி, இனி நான் கட்டத் தேவையில்லை." செக்தான் சாகும், கடன் சாகாது. அவர் கேட்டால் புதுசு எழுதிக் குடுக்கத்தான் வேணும். ஆனா பழைய செக்கைக் கையில வாங்காமல் புதுசு எழுதாதையும். தொலைச்சுப்போட்டன் எண்டு சொன்னால், செக் இலக்கத்தை எழுதி வங்கிக்கு நிறுத்தக் கடிதம் குடுத்துப்போட்டுப் புதுசை எழுதும். இல்லாட்டி ஒரு மாதத்துக்கு ரண்டு செக் ஊருக்குள்ள திரியும்.

முந்தி செக் கொழும்புக்குப் போய்த் திரும்பிவர நாள்கணக்கா எடுக்கும். அந்த இடைவெளியில காசு பிரட்டினவையும் இருக்கினம், எனக்குத் தெரியும். 2006 இல செக்கின்ர படத்தை அனுப்பித் தீர்க்கிற முறை வந்தபிறகு, இண்டைக்குப் போட்டால் நாளைக்குக் கழியும். ஐயா ஒருநாள் பஸ் ஏறி ரவுனுக்கு வந்தால், அடுத்த நாள் அஞ்சும் உம்மட கணக்கில வந்து நிக்கும். காசில்லை எண்டு தெரிஞ்சுகொண்டு செக் எழுதிறது 1990 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தில குற்றம். நீர் எழுதேக்க காசு இருந்தது எண்டு பிறகு நிரூபிக்கலாம்தான். அந்த நிரூபிக்கிற அலைச்சல் ஏன் உமக்கு?

பரந்தன் வீட்டுக்காரி · ஜூன் 13, காலை 8.50

நான் மற்றப் பக்கம். ஒரு வீடு வாடகைக்குக் குடுத்திருக்கிறன். எல்லாரும் வீட்டுக்காரரைத் திட்ட முதல் ஒண்டு கேளுங்கோ. எனக்கு முழங்கால் வருத்தம். பரந்தனில இருந்து வங்கிக்குப் போய், இலக்கம் எடுத்து, இருந்து, திரும்பி வாறதுக்கு ஒரு பகல் முழுக்கப் போகும். மூண்டு செக்கைச் சேத்து ஒரேயடியாப் போட்டால் ஒரு பயணம். அதில ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. என்ர கணக்கில காசு கூடினால் அரசாங்கத்தின்ர அஸ்வெசும உதவிக்காசை வெட்டிப் போடுவாங்கள் எண்ட பயத்தில செக்கை மாத்தாமல் வைச்சிருந்த ஒரு கிழவியையும் எனக்குத் தெரியும்.

ஆனா வேணுமெண்டு வைச்சிருக்கிற ஆக்களும் இருக்கினம், மறைக்கேல்லை. பாக்கி எண்டு காட்டி எழுப்பிப்போட்டு, கூடின வாடகைக்குக் குடுக்கலாம் எண்டு. உங்கட ஐயா எந்த வகை?

கொப்பிக்கடை · ஜூன் 13, மதியம் 1.20

ஐயா அப்பிடிக் கெட்டவர் இல்லை எண்டுதான் நினைக்கிறன். போன வருசம் மழைக்குக் கூரை ஒழுகேக்க தானே ஏணி வைச்சு ஏறினவர். ஆனா கனடாக்காரருக்கு அவர் என்ன சொல்லியிருக்கிறார் எண்டு தெரியேல்லை.

காசாளர் ஐயா, விளங்கிச்சு. டிறம்மை விட்டிட்டன்.

ஒப்பந்தம் ஒரு வெள்ளைத்தாளில எழுதினது. ஒரு வருசத்துக்கு. ஐயாவும் நானும் கையெழுத்து, ரண்டு சாட்சி. உறுதி எழுதிற நொத்தாரிசிட்டப் போகேல்லை. அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த பேர்மிற் காணி, நொத்தாரிஸ் எழுதி முடிக்க மாட்டார் எண்டு ஐயா அப்பவே சொன்னவர்.

முறிகண்டியான் · ஜூன் 13, மதியம் 1.34

கொப்பிக்கடை வைச்சிருந்து, ஊரில உள்ள எல்லாற்ற அடையாள அட்டையையும் கொப்பி எடுத்துப்போட்டு, சொந்தச் செக்கை ஒருநாளும் ஒரு கொப்பி எடுக்கேல்லையா?

கொப்பிக்கடை · ஜூன் 13, மதியம் 1.41

இல்லை. சிரியாதேங்கோ.

கறுப்புக்கோட்டுக்குப் பின்னால · ஜூன் 13, இரவு 8.10

நான் சட்டத்தரணி இல்லை, ஒரு சட்டத்தரணியின்ர அலுவலகத்தில எழுத்து வேலை. கேட்டுப் பழகினதைச் சொல்லுறன்.

முதல் உங்கட தாள். 1840 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இப்பவும் உயிரோட இருக்கு. அசையாச் சொத்தை ஒரு மாதத்துக்கு மேல குத்தகைக்கு விடுறதெண்டால் நொத்தாரிசு முன்னால, ரண்டு சாட்சியோட எழுதோணும். இல்லாட்டி "ஒரு வருசம்" எண்ட சொல்லுக்குப் பெலன் இல்லை. நீங்கள் மாதத்துக்கு மாதம் இருக்கிற வாடகைக்காரர், அவ்வளவுதான். ஒரு மாத முன்னறிவித்தலோட முடிக்கலாம் எண்ட நிலை.

ஐயா சொன்னதும் மெய்தான். எங்கட பக்கம் பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ குடுத்த பேர்மிற் காணியள். காணி அரசாங்கத்தின்ர, பேர்மிற்காரருக்கு நிபந்தனையோட உரிமை. அனுமதி இல்லாமல் கைமாத்திற எழுத்தை நொத்தாரிஸ் அத்தாட்சிப்படுத்தக் கூடாது எண்டு அதிலயே இருக்கு. யாழ்ப்பாணத்தில உறுதிக்காணியில கடை எடுத்த ஆள் ஒப்பந்தத்தைக் காட்டிக் கதைக்கலாம். கிளிநொச்சியில நீங்கள் காட்டக்கூடியது ரசீதும் வங்கித் துண்டும் மட்டும்தான். அதுதான் உங்கட உறுதி எண்டு வையுங்கோ.

"இது பேர்மிற் காணி, கந்தோரில சொல்லிப்போடுவன்" எண்டு மட்டும் ஒருநாளும் வெருட்டாதேங்கோ. அவருக்குக் காணி போனால் உங்களுக்குக் கடை போகும்.

1972 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில ஒரு நல்ல பிரிவு இருக்கு, 21. வீட்டுக்காரருக்குக் குடுக்கிற வாடகையை உள்ளூராட்சிச் சபையில அதிகாரம் பெற்றவரிட்டக் கட்டலாம். கட்டினால் வீட்டுக்காரருக்கே கட்டினதாக் கணக்கு. ஆனா அந்தச் சட்டம் பட்டினங்களை, மாநகரசபை, நகரசபை எல்லையளை மனதில வைச்சு எழுதினது. 2002 திருத்தத்தோட கன கட்டடங்கள் அதுக்கு வெளியில போட்டுது. கிளிநொச்சி ரவுன் கரைச்சிப் பிரதேச சபைக்குள்ள. அதை நம்பி நிக்காதேங்கோ. 2023 ஆம் ஆண்டு 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிஞ்ச கட்டடத்தைக் கெதியா மீட்கிறது, அது நொத்தாரிசு எழுதின குத்தகைக்கு. உங்களுக்குப் பொருந்தாது.

அந்த 2,000 ரூபாவுக்கு வாறன். எங்கட ஒப்பந்தச் சட்டத்துக்கு அடி உரோமன் டச்சுச் சட்டம். அதில கடனைக் கட்டவேண்டியவர் பிந்திறது ஒண்டு, அந்தக் காசை வாங்கவேண்டியவர் பிந்திறது இன்னொண்டு. நீங்கள் நேரத்துக்கு நீட்டினீங்கள், அவற்ற ஆள் வாங்கினார், வாங்கிப் போடாமல் வைச்சார். அந்தப் பிந்தல் அவரைச் சேந்தது. அதுக்கு நீங்கள் தண்டம் கட்ட நியாயமில்லை. ஆனா நீட்டினதுக்குச் சாட்சி வேணும். அங்கதான் நீங்கள் ஓட்டாண்டி.

ஒரு பயத்தை மட்டும் விடுங்கோ. நாளைக்கே வந்து பூட்டுப் போடேலாது. இருக்கிற ஆளை எழுப்ப நீதிமன்றம் போகோணும். பலவந்தமா வெளிய விட்டால் பொலிசில முறைப்பாடு போட்டு, 1979 ஆம் ஆண்டு 44 ஆம் இலக்கச் சட்டத்தின்ர 66 ஆம் பிரிவில நீதவான் முன்னால கொண்டுபோகலாம். ரண்டு மாதத்துக்குள்ள போகோணும்.

பாலைப்பழம் · ஜூன் 13, இரவு 8.44

அப்ப இவர் ஒரு மூண்டு வருசம் போடாமலே இருந்தால்? காசு தப்பீடும் எல்லே?

கறுப்புக்கோட்டுக்குப் பின்னால · ஜூன் 13, இரவு 9.02

நீர் விடமாட்டீர் போல. ஓம், 1871 ஆம் ஆண்டு 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி வாடகைப் பாக்கிக்கு மூண்டு வருசத்துக்குள்ள வழக்குப் போடோணும். ஆனா மூண்டு வருசம் வாடகை வாங்காத மனுசன் உம்மைக் கடையில வைச்சிருப்பாரோ?

குளக்கட்டு · ஜூன் 13, இரவு 9.15

ஒற்றிக்கு எடுத்திருந்தால் இந்த மாதத் தலையிடியே இல்லை. காசைக் குடுத்தமா, இருந்தமா, காசை வாங்கினமா.

கறுப்புக்கோட்டுக்குப் பின்னால · ஜூன் 13, இரவு 9.18

பேர்மிற் காணியில ஒற்றியா? அதை எழுதவும் ஒரு நொத்தாரிஸ் வேணும் அண்ணை.

முறிகண்டியான் · ஜூன் 14, காலை 7.30

அக்கா, கனடாக்காரருக்கு வட்ஸ்அப்பில ஒரு மெசேச் போடுங்கோ. அடிக்கட்டைப் படம் அஞ்சையும் சேத்து. நீலக்கோடு விழுந்தால் பாத்திட்டார். அதைவிட என்ன சாட்சி?

குளக்கட்டு · ஜூன் 14, காலை 7.52

போன் தண்ணிக்குள்ள விழுந்தால்? பதிவுத் தபாலில ஐயாவுக்கு ஒரு கடிதம். துண்டைப் பத்திரப்படுத்தினால் காணும். எங்கட அப்பா காலத்தில வாடகையைக் காசுக்கட்டளையா அனுப்புவினம். வாங்க மாட்டன் எண்டால் தபால்காரன் எழுதித் திருப்பிக் கொண்டுவருவான், அந்தத் துண்டே சாட்சி.

முறிகண்டியான் · ஜூன் 14, காலை 8.01

கிட்ட இருக்கிற மனுசனுக்குப் பதிவுத் தபாலா? 2009 இல பேர்மிற்றையும் பிறப்புப் பத்திரத்தையும் ஷொப்பிங் பையில கட்டிக்கொண்டு ஓடின சனம் நாங்கள். கடுதாசியும் தொலையும் அண்ணை. படமெண்டால் நாலு இடத்தில கிடக்கும்.

பரந்தன் வீட்டுக்காரி · ஜூன் 14, காலை 8.40

ரண்டு பேரும் அடிபடாதேங்கோ. பதிவுத் தபால் வந்தால் அந்த ஐயா, பிள்ளை என்னை வழக்குக்கு இழுக்குது எண்டுதான் நினைப்பார். என்ர குடியிருக்கிற ஆள் அப்பிடி அனுப்பியிருந்தால் நான் சோறு தின்னமாட்டன். கடிதம் எழுதட்டும், ஆனா கையில கொண்டுபோய்க் குடுக்கட்டும். ஒரு சீப்பு வாழைப்பழத்தோட.

ஓய்வுபெற்ற காசாளர் · ஜூன் 14, காலை 10.25

பரந்தன் தங்கச்சி சொல்லுறதுதான் சரி. ரண்டு பிரதி எழுதி, ஒண்டில "கிடைத்தது" எண்டு ஐயாவின்ர கையெழுத்தை வாங்கும். வட்ஸ்அப்பில கனடாவுக்கும் அதையே அனுப்பும். இப்பிடி எழுதினால் காணும்:

"மதிப்புக்குரிய ஐயா, கரடிப்போக்குக் கடைக்கான பெப்ரவரி முதல் ஜூன் வரையான வாடகை, மாதம் 22,000 ரூபா வீதம், கீழ்க்காணும் இலக்கமுடைய ஐந்து காசோலைகளாக அந்தந்த மாதம் 1 ஆம் திகதி தங்களிடம் ஒப்படைத்தேன். இன்றுவரை அவை வங்கியில் இடப்படவில்லை. அதற்குரிய 110,000 ரூபா எனது கணக்கில் இருக்கின்றது. அவற்றை வைப்பிலிடுமாறும், இடமுடியாத காரணம் ஏதும் இருப்பின் காசோலைகளைத் திருப்பித் தந்து வேறு வழியில் பெற்றுக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஜூலையிலிருந்து வாடகையை நேரடியாகக் கணக்கில் வைப்பிலிட விரும்புகிறேன். கணக்கிலக்கத்தை அறியத் தரவும்."

ஒரு வரியிலயும் குறை சொல்லாதையும். செக் இலக்கம், திகதி, தொகை மூண்டும் பிழையில்லாமல் இருக்கோணும். வங்கியில அண்டைய திகதிக்கு ஒரு கணக்குக் கூற்றும் எடுத்து வையும்.

கொப்பிக்கடை · ஓகஸ்ட் 3, இரவு 9.05

மன்னிக்கோணும், கன நாளாப் பதில் எழுதேல்லை. நடந்ததைச் சொல்லுறன்.

ஜூன் கடைசியில ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியோட வட்டக்கச்சிக்குப் போனன். வாழைப்பழமும் கொண்டுதான் போனன், பரந்தன் அக்கா. கடிதத்தை வாசிச்ச உடன ஐயாவுக்கு முகம் மாறீட்டுது. "நான் கள்ளனோ பிள்ளை?" எண்டார். தங்கச்சிக்கு அழுகை வந்திட்டுது. பேந்து எழும்பிச் சாமியறைக்குப் போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். அதுக்குள்ள அஞ்சு செக்கும் மடிப்புக் குலையாமல் இருந்திச்சு.

கதை இதுதான். மாசியில அவருக்குக் கண் ஒப்பிறேசன். அது முடிஞ்சு வங்கிக்குப் போனால், கனடாக்காரற்ற கணக்கை நிப்பாட்டி வைச்சிருக்கு, அவர் வந்து கையெழுத்து வைக்கோணும் எண்டு சொல்லியிருக்கினம். ஐயாவும் திரும்பி வந்திட்டார். மருமோனுக்குச் சொல்ல வெக்கம். "பொறுப்பா விட்டவன், ஒரு கணக்கைக் கூடப் பாக்கத் தெரியாத கிழவன் எண்டு நினைப்பான்." அதுதான் எனக்கும் சொல்லேல்லை, அவருக்கும் சொல்லேல்லை.

தங்கச்சியின்ர போனில அங்கயிருந்தே கனடாவுக்கு எடுத்தம். கடிதத்தைப் படமா அனுப்பினன். அந்த 2,000 கதையை அவர் பேந்து எடுக்கேல்லை. வாடகையை இனி ஐயாவின்ர கணக்கில போடச் சொன்னார்.

கறுப்புக்கோட்டுக்குப் பின்னால · ஓகஸ்ட் 3, இரவு 9.22

வாயாலயா சொன்னவர்? எழுத்தில வாங்கினீங்களோ? இன்னொராளின்ர கணக்கில போடுறது தனக்குக் கட்டினதா ஏற்கிறன் எண்டு அவர் எழுதித் தரோணும். அவருக்குப் பதிலா அலுவல் பாக்க ஐயாவுக்கு அற்றோணித் தத்துவம் எழுதி இருக்கோ? இருந்தாலும் கனடாக்காரருக்கு ஒண்டு நடந்தால் அதுவும் அண்டையோட முடியும்.

கொப்பிக்கடை · ஓகஸ்ட் 3, இரவு 9.40

வட்ஸ்அப்பில பேர், கணக்கிலக்கம், "இதில கட்டினால் எனக்குக் கட்டினது" எண்டு எழுதி அனுப்பினவர். பிறின்ட் எடுத்து வைச்சிருக்கிறன். அற்றோணித் தத்துவம் இருக்கு, அதிலயும் ஒரு கொப்பி எடுத்தன். அது வர ஜூலை முடிஞ்சுபோச்சு. ஜூலைக்குச் செக் எழுதேல்லை, காசைத் தனிய வைச்சிருந்தன். ஓகஸ்ட் 1 ஆம் திகதி அஞ்சு செக்கையும் திருப்பி வாங்கி, ஐயாவுக்கு முன்னாலயே கிழிச்சுப்போட்டு, ஏழு மாதத்துக்கும் சேத்து 154,000 போட்டாச்சு. துண்டை ரண்டு கொப்பி எடுத்து, ஒண்டு ஐயாவுக்கு.

ஓய்வுபெற்ற காசாளர் · ஓகஸ்ட் 4, காலை 6.05

கிழிக்க முதல் அந்த அஞ்சையும் கொப்பி எடுத்தீரோ?

கொப்பிக்கடை · ஓகஸ்ட் 4, காலை 6.50

எடுத்தன் ஐயா. இந்த முறை எடுத்தன்.

பாலைப்பழம் · ஓகஸ்ட் 4, காலை 7.15

டிறம்?

கொப்பிக்கடை · ஓகஸ்ட் 4, காலை 7.18

இன்னும் பழசுதான். செக் கொப்பி அஞ்சிலயும் நடுவில கறுப்புக்கோடு விழுந்திருக்கு. இலக்கம் வாசிக்கலாம்.